அந்தக் கொடி யாருடைய பாரம்பரியம்?

2024 ஜூன் 8 – ஒரு வாசகரின் கேள்வி

"தென் கரோலினாவில் கிரீன்வில் பக்கம் குடிவந்து ஓராண்டு ஆகிறது. எதிர்வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற மெக்கானிக். நல்ல மனிதர், எங்கள் வண்டி மக்கர் செய்தால் கூப்பிடாமலே வந்து பார்ப்பார். அவர் வீட்டு முன்வாசலில் கான்ஃபெடரேட் கொடி பறக்கிறது. கேட்டால் ‘இது வெறுப்பில்லை, பாரம்பரியம்’ என்கிறார். என் மகளின் தோழியுடைய அம்மா கறுப்பினத்தவர். எங்கள் தெருவுக்குள் காரைக் கொண்டுவரவே மறுக்கிறார். வரித் தகராறில் மூண்ட ஒரு போர், அதில் தோற்றுப்போன ஒரு நாட்டின் கொடி. நூற்றைம்பது வருடம் கழித்தும் இதற்கு ஏன் இத்தனை ரகளை? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்."

ஜூன் 8, இரவு

முதலில் கொடியை முடித்துவிடுகிறேன். அது அந்த நாட்டின் தேசியக் கொடியாக ஒருநாளும் இருந்ததில்லை.

அடிமை முறை இருந்த தென் மாநிலங்கள் அமெரிக்காவிலிருந்து பிரிந்து உண்டாக்கிய கான்ஃபெடரேட் அரசின் ஆயுள், உள்நாட்டுப் போர் நடந்த நான்கு ஆண்டு. அதற்குள் மூன்று தேசியக் கொடிகள். 1861 மார்ச்சில் ஏற்றிய முதல் கொடியில் மூன்று பட்டைகள், நீல மூலையில் வட்டமாக நட்சத்திரங்கள்; தூரத்திலிருந்து பார்த்தால் அமெரிக்கக் கொடியேதான். அதுவே வினையாயிற்று. அந்த ஜூலையில் மனாசஸ் களத்தில் புகைக்கும் புழுதிக்கும் நடுவே வருவது நம் ஆளா, எதிரியா என்று தெரியாமல் தளபதிகள் தவித்தார்கள். பளிச்சென்று வேறுபட்டுத் தெரிகிற கொடி வேண்டும் என்று ஜெனரல் பொரிகார்டும் ஜான்ஸ்டனும் பிடிவாதம் பிடித்தார்கள். தென் கரோலினாவின் வில்லியம் போர்ச்சர் மைல்ஸ் ஏற்கெனவே வரைந்து, தேசியக் கொடிப் போட்டியில் எடுபடாமல் போயிருந்த வடிவம் அப்படித்தான் போர்க்கொடியானது. சிவப்புத் துணி, குறுக்கே நீலப் பெருக்கல் குறி, அதில் 13 வெள்ளை நட்சத்திரங்கள். பிரிந்த மாநிலங்கள் 11 தான். கென்டக்கியையும் மிசௌரியையும் ஆசைக்குச் சேர்த்துக்கொண்டார்கள்.

வர்ஜீனியாவில் கான்ஃபெடரேட் தளபதி லீயின் படை ஏந்தியது சதுரக் கொடி. உங்கள் எதிர்வீட்டில் பறப்பது நீள்சதுரம் என்றால், டென்னஸிப் படையும் கடற்படையும் வைத்திருந்த வடிவம். அவருடைய கொள்ளுத் தாத்தா லீயோடு நின்றவர் என்று சொன்னால், அளவைக் கேட்டுப் பாருங்கள்.

ஜூன் 9

வரித் தகராறு என்று எழுதியிருக்கிறீர்கள். இங்கே வந்த புதிதில் எனக்கும் இதைத்தான் சொல்லிக்கொடுத்தார்கள், அலுவலகத்தில், முடிதிருத்தும் கடையில், எங்கும். நல்லவேளையாகப் பிரிந்துபோனவர்களே காரணத்தை எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

1860 டிசம்பர் 20 அன்று தென் கரோலினா முதலில் பிரிந்தது. நான்கு நாளில் வெளியிட்ட காரண அறிக்கையின் பெரிய புலம்பல், தப்பி ஓடிவரும் அடிமைகளை வட மாநிலங்கள் பிடித்துத் திருப்பித் தருவதில்லை என்பது. மாநில உரிமைக்காகப் போராடியவர்களாம்! வட மாநிலங்கள் தங்கள் மாநில உரிமையைப் பயன்படுத்தி அடிமைகளைத் தர மறுத்ததுதான் இவர்களுக்குக் குற்றமாகப் பட்டிருக்கிறது. மிசிசிப்பியின் அறிக்கை இன்னும் நேர்மையானது: எங்கள் நிலை அடிமை முறையோடு முழுக்க ஒன்றிப்போனது என்று எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிடுகிறது. துணை அதிபர் அலெக்ஸாண்டர் ஸ்டீஃபன்ஸ் 1861 மார்ச்சில் சவானாவில் பேசும்போது, கறுப்பர் வெள்ளையருக்குச் சமமில்லை என்பதே புதிய அரசின் மூலைக்கல் என்றார்.

இறக்குமதித் தீர்வைக்காகத் தென் கரோலினா முரண்டுபிடித்தது 1832இல். அந்தச் சண்டையைக் கொண்டுவந்து 1860இன் தலையில் கட்டுகிறார்கள்.

ஜூன் 9, பின்னிரவு

தூக்கம் வரவில்லை. ஒரு சங்கதி விட்டுப்போயிற்று.

1863இல் வந்த இரண்டாவது தேசியக் கொடி முழு வெள்ளை. மூலையில் மட்டும் இந்தப் போர்க்கொடி. சவானாவின் பத்திரிகை ஆசிரியர் வில்லியம் தாம்சன், வெள்ளையரின் மேலாண்மைக்காகப் போராடுகிற நமக்கு வெள்ளைக் கொடிதான் பொருத்தம் என்று வெளிப்படையாகவே எழுதினார். ஒன்றை மட்டும் யோசிக்கவில்லை. காற்று நின்றால் மூலை மடிந்து வெறும் வெள்ளை மட்டும் தெரிந்தது, சரணடைகிறவன் காட்டும் கொடி! ஓரத்தில் சிவப்புப் பட்டை ஒன்றைச் சேர்த்து 1865 மார்ச்சில் மூன்றாவது கொடி வந்தது. அடுத்த மாதமே லீ சரணடைந்தார்.

ஜூன் 10

கேள்வி கேட்டவருக்கு அவசரமாக ஒன்று. அந்தத் தாயிடம் "ஏன் வரமாட்டேன் என்கிறீர்கள்" என்று விளக்கம் கேட்டுக்கொண்டிருக்காதீர்கள். பிள்ளையை நீங்களே போய்க் கூட்டிவந்து, நீங்களே கொண்டுபோய் விடுங்கள். மற்றதை நாம் இங்கே சாவகாசமாகப் பேசுவோம்.

ஜூன் 12

மெம்பிஸிலிருந்து ஒருவர் எழுதியிருக்கிறார்: "போர் அடிமை முறைக்காக நடந்தது என்றே வைத்துக்கொள்வோம். இன்று கொடி பிடிக்கிறவன் அதற்காகப் பிடிக்கவில்லையே. சின்னங்களின் அர்த்தம் மாறும்."

மாறும்தான். எப்போது மாறியது, யார் மாற்றினார்கள் என்று தேதியைப் பாருங்கள்.

போர் முடிந்து பல பத்தாண்டுகள் இந்தக் கொடி கல்லறைகளிலும், முன்னாள் வீரர்கள் கூடுகிற விழாக்களிலும், 1894இல் தொடங்கிய வீரர்களின் மகள்கள் சங்கத்திலும்தான் பெரும்பாலும் இருந்தது. (1926இல் வாஷிங்டன் வீதியில் ஊர்வலம் போன வெள்ளை இனவெறிக் கூட்டம் கூ கிளக்ஸ் கிளான் ஏந்தியது அமெரிக்கக் கொடி. இது பலருக்கு வியப்பாக இருக்கும்.) 1948இல் அதிபர் ட்ரூமனும் ஜனநாயகக் கட்சி மாநாடும் கறுப்பினத்தவரின் குடிமை உரிமைகள் பற்றிப் பேசத் தொடங்கியதும் தெற்கத்தியர் வெளிநடப்புச் செய்து தனிக் கட்சி கண்டார்கள், தென் கரோலினா ஆளுநர் ஸ்ட்ரோம் தர்மண்ட் அதிபர் வேட்பாளர். பர்மிங்ஹாம் மாநாட்டு அரங்கில் இந்தக் கொடி அசைந்தது. கல்லறையிலிருந்து கட்சி மேடைக்கு வந்தது அப்போதுதான்.

பள்ளிகளில் இனப் பிரிவினை செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 1954இல் தீர்ப்பளித்தது. 1956இல் ஜார்ஜியா தன் மாநிலக் கொடியில் மூன்றில் இரண்டு பங்குக்கு இந்தப் போர்க்கொடியைச் சேர்த்தது. 1963 ஏப்ரலில் அட்டர்னி ஜெனரல் ராபர்ட் கென்னடி, பல்கலைக்கழகத்தில் கறுப்பின மாணவர்களைச் சேர்ப்பது பற்றிப் பேச அலபாமா வந்தார். அன்று காலை ஆளுநர் ஜார்ஜ் வாலஸ் சட்டமன்ற மாளிகைக் கூரையில் இதை ஏற்றினார். கென்னடி வரும் நாள் பார்த்தா தாத்தாவின் நினைவு வந்தது?

ஜூன் 12, சிறிது நேரம் கழித்து

மெம்பிஸ்காரர் விடவில்லை. தென் கரோலினா 1961இல் தன் சட்டமன்ற மாளிகையில் ஏற்றியது போரின் நூற்றாண்டுக்காக, இனப் பிரச்சினைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்கிறார்.

நூற்றாண்டு விழா உண்மை. அந்த விழா எப்படி நடந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1961 ஏப்ரலில் தேசிய நூற்றாண்டுக் குழு சார்ல்ஸ்டனில் கூடியபோது, நியூ ஜெர்ஸியின் பிரதிநிதியாக வந்த கறுப்பினப் பெண்மணிக்கு ஹோட்டலில் அறை தர மறுத்தார்கள். அதிபர் ஜான் கென்னடி தலையிட்டுக் கூட்டத்தைக் கடற்படைத் தளத்துக்கு மாற்ற வேண்டியதாயிற்று. மறு ஆண்டு சட்டமன்றம் முறைப்படி தீர்மானம் போட்டது. எப்போது இறக்குவது என்று அதில் ஒரு வரி இல்லை. விழாக் கொண்டாட்டம் 1965இல் முடிந்தது. கொடி 2000 வரை கூரையில் இருந்தது.

ஜூன் 15

இனி என் சொந்தக் கதை. நீளமாகப் போகும்.

தொண்ணூறுகளின் கடைசியில் தென் கரோலினாவின் தலைநகர் கொலம்பியாவில் வேலைக்குச் சேர்ந்தேன். சட்டமன்ற மாளிகை எங்கள் அலுவலகத்திலிருந்து நடக்கிற தூரம். மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டு அங்கேதான் போய் உட்காருவேன். மேற்குச் சுவரில் ஆறு வெண்கல நட்சத்திரங்கள் பதித்திருப்பார்கள். 1865இல் ஆற்றுக்கு அந்தப் பக்கமிருந்து வடக்குத் தளபதி ஷெர்மனின் பீரங்கிகள் அடித்த இடங்கள். நிமிர்ந்து பார்த்தால் செப்புக் கவிகை மாடம், அதன்மேல் ஒரே கம்பத்தில் மூன்று கொடிகள்: மேலே நாட்டுக் கொடி, அடுத்து பனைமரம் போட்ட மாநிலக் கொடி, கீழே இது. வந்த புதிதில் ஏதோ ராணுவப் பிரிவின் கொடி என்று எண்ணிக்கொண்டேன். யாரும் விளக்கவில்லை. நானும் கேட்கவில்லை. விசாவில் இருப்பவன் அரசாங்கக் கட்டடத்துக் கொடியைப் பற்றி ஏன் வாயைத் திறக்கப்போகிறான்?

என் மேலாளர் ஸ்பார்டன்பர்க்காரர், வெள்ளையர். அவருடைய முன்னோர் இருவர் போரில் இறந்தவர்கள். மே 10 கான்ஃபெடரேட் நினைவு நாள். ஒரு வருடம் என்னை எல்ம்வுட் கல்லறைக்கு அழைத்துப் போனார். வரிசை வரிசையாகச் சின்னக் கற்கள், ஒவ்வொன்றின் முன்பும் உள்ளங்கை அளவுக் கொடி. பாதிக் கற்களில் பெயர்கூடச் சரியாகத் தெரியவில்லை. குனிந்து புல்லை விலக்கி ஒரு பெயரைப் படித்துக் காட்டினார். பத்தொன்பது வயதுப் பையன். இந்தப் பையனிடம் ஓர் அடிமைகூட இருந்திருக்க மாட்டான், சோளக்கொல்லைக்காரன் என்றார். பொய்யில்லை. அந்தப் படையில் பெரும்பாலானவர்களுக்குச் சொந்த அடிமை கிடையாது. அந்தக் கல்லறையில் அந்தக் கொடி எனக்கு உறுத்தவில்லை, இன்றும் உறுத்தாது. இறந்தவனுக்கு அவன் தூக்கிய கொடி.

மறுநாள் இதைச் சம்பளப் பிரிவில் இருந்த ஓர் அம்மையாரிடம் சொன்னேன். கறுப்பினத்தவர், பீஃபோர்ட் ஊர்க்காரர், ஓய்வுபெறும் வயது. பேச்சுவாக்கில் "தெற்கு தோற்றதில் அவருக்கு இன்னும் வருத்தம்" என்றேன். கணக்கு அட்டவணையிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டார்: "எந்தத் தெற்கு? எங்கள் வீட்டில் யாரும் தோற்கவில்லையே." அவருடைய கொள்ளுத் தாத்தா வடக்கின் யூனியன் படையின் முதலாம் தென் கரோலினா தொண்டர் படையில் இருந்தவர். தோட்டத்தில் அடிமையாக இருந்து, 1862இல் சீருடை போட்டவர்.

அதற்குப் பிறகு "தெற்கு" என்று பேசுகிற எவரிடமும் நான் இந்தக் கேள்வியைத்தான் கேட்கிறேன். 1860இல் தென் கரோலினாவின் மக்கள்தொகை சுமார் 7 லட்சம். அதில் 4 லட்சம் பேர் அடிமைகள். மிசிசிப்பியிலும் பாதிக்கு மேல் அப்படியே. மாநிலத்தின் பெரும்பான்மை அந்தப் போரில் வென்றது! யூனியன் படையில் சேர்ந்த கறுப்பின வீரர்கள் ஏறத்தாழ 1,80,000 பேர். பெரும்பாலோர் அடிமை மாநிலங்களிலிருந்து வந்தவர்கள். தெற்கின் பாரம்பரியம் என்றால் இவர்களுடையதும் அல்லவா?

எதிர்வீட்டுக்காரர் பொய் சொல்லவில்லை. பாரம்பரியம்தான். ஊரில் பாதிப் பேரைக் கழித்துவிட்டு மிச்சப் பேரின் பாரம்பரியம்.

ஜூன் 17

இன்று என்ன நாள் என்று தெற்கில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2015 ஜூன் 17, சார்ல்ஸ்டன், கறுப்பினத்தவரின் மதர் இமானுவேல் தேவாலயம். புதன்கிழமை வேத வாசிப்புக்கு வந்த வெள்ளை அந்நியனை உட்கார வைத்தார்கள். அவன் ஒன்பது பேரைச் சுட்டுக் கொன்றான். போதகர் கிளமெண்டா பிங்க்னி மாநில மேலவை உறுப்பினரும்கூட. கொலைகாரன் இந்தக் கொடியோடு எடுத்துக்கொண்ட படங்கள் இரண்டு மூன்று நாளில் வெளியே வந்தன.

வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாத பகுதி ஒன்று இருக்கிறது. 2000 ஜனவரியில் மார்ட்டின் லூதர் கிங் நாளன்று ஏறத்தாழ 46,000 பேர் கொலம்பியாவில் பேரணி போனார்கள். நானும் ஓரமாக நின்று பார்த்தேன். அந்த ஆண்டு சமரசம் ஆயிற்று: கொடி மாடத்திலிருந்து இறங்கி, மாளிகையின் முன்னால் இருக்கிற வீரர் நினைவுத் தூணுக்கு வரட்டும் என்று. கொடியின் வகை, 52 அங்குலச் சதுரம், வெள்ளைக் கரை என்று எல்லாம் சட்டத்திலேயே எழுதினார்கள். மாற்ற மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும் என்றும் எழுதினார்கள். சமரசத்தின் பலன் என்ன? முன்பு மாடத்தின் உச்சியில் யார் கண்ணிலும் படாமல் இருந்தது, இப்போது பிரதான வீதியில் போகிற எல்லோர் கண்ணுக்கும் நேராக, இரும்பு வேலிக்குள் பறந்தது.

கொலைக்குப் பிறகு நாட்டுக் கொடியையும் மாநிலக் கொடியையும் அரைக் கம்பத்தில் இறக்கினார்கள். இதை இறக்க முடியவில்லை. சட்டம் ஒரு பக்கம். இறக்க வழியில்லாதபடி கம்பத்தில் பிணைத்திருந்தது இன்னொரு பக்கம். பிங்க்னியின் உடலை மக்கள் பார்வைக்கு மாளிகைக்குள் வைத்தபோது, கொடி தெரிகிற ஜன்னலைக் கறுப்புத் துணியால் மூடினார்கள். ஓர் அரசாங்கம் தன் கொடியையே திரை போட்டு மறைத்தது!

ஜூன் 27 காலை பிரீ நியூசம் என்ற பெண் ஏறுகவசம் மாட்டிக்கொண்டு அந்த 30 அடிக் கம்பத்தில் ஏறிக் கொடியைக் கழற்றினார். கைது செய்தார்கள். ஒரு மணி நேரத்துக்குள் வேறு கொடி ஏறிவிட்டது. ஜூலை 9 அன்று நள்ளிரவு தாண்டி அவையில் 94–20 என்று வாக்களித்தார்கள். ஆளுநர் நிக்கி ஹேலி ஒன்பது பேனாக்களால் கையெழுத்திட்டு, ஒன்பது குடும்பங்களுக்கும் ஆளுக்கொன்று கொடுத்தார். மறுநாள் இறங்கியது.

1948இல் அந்தக் கொடி அசைந்த மாநாட்டின் நாயகர் தர்மண்ட் என்று சொன்னேனே, அவருடைய மகன் பால் தர்மண்ட் 2015இல் மாநில மேலவையில் எழுந்து, கொடி போக வேண்டும் என்று பேசினார். அந்த வாரத்தில் என்னை உலுக்கிய பேச்சு அது.

ஜூன் 18

நிக்கி ஹேலி பஞ்சாபி, நம்மவர் என்று இருவர் பெருமைப்பட்டு எழுதியிருக்கிறார்கள். 2014 தேர்தல் வாதத்தில் கொடி ஒரு பிரச்சினையே இல்லை, எந்த நிறுவனத் தலைவரும் என்னிடம் அதுபற்றிக் கேட்டதில்லை என்று சொன்னவரும் அவரே. 2019இலும், அந்தக் கொலைகாரன் கடத்திக்கொண்டு போவதற்கு முன்னால் மக்கள் அதைச் சேவை, தியாகம், பாரம்பரியம் என்று பார்த்தார்கள் என்றார். எந்த மக்கள் என்று பீஃபோர்ட் அம்மையார் கேட்டிருப்பார்.

இறக்கியது அவர் ஆட்சியில்தான். அந்தக் கணக்கில் குறை வைக்கவில்லை.

ஜூன் 19

கொலை நடந்த சில வாரங்களில் சி.என்.என். எடுத்த கருத்துக்கணிப்பில் அமெரிக்கர்களில் 57 விழுக்காட்டினர் கொடியைத் தெற்கின் பெருமைச் சின்னம் என்றார்கள். கறுப்பினத்தவரில் 72 விழுக்காட்டினர் இனவெறிச் சின்னம் என்றார்கள். மெம்பிஸ்காரர் முதல் எண்ணை மட்டும் எடுத்துப் போட்டிருந்தார். இரண்டாவதை நான் போட்டுவிட்டேன்.

ஜூன் 21

இன்று சனிக்கிழமை மாதிரியே இல்லை, வெயில் கொளுத்துகிறது. ஜார்ஜியா நகைச்சுவை ஒன்றோடு நிறுத்திக்கொள்கிறேன். (சனியில்லை, வெள்ளி. வீட்டிலிருந்து வேலை பார்த்தால் கிழமை இப்படித்தான்.)

2001இல் ஆளுநர் ராய் பார்ன்ஸ் ஜார்ஜியாவின் 1956 கொடியை மாற்றினார். 2002 தேர்தலில் தோற்றார். அடுத்து வந்தவர்கள் 2003இல் வேறொரு கொடியைக் கொண்டுவந்தார்கள். 2004இல் மக்கள் வாக்கும் அதற்கே. எல்லோரும் அப்பாடா என்றார்கள். அந்தக் கொடியை எடுத்துப் பாருங்கள்: மூன்று பட்டை, நீல மூலை, வட்டமாக நட்சத்திரங்கள், நடுவில் மாநில முத்திரை. கான்ஃபெடரேட் நாட்டின் முதல் தேசியக் கொடி அப்படியே! போர்க்கொடியை விரட்டிவிட்டு, அந்த அரசின் உண்மையான கொடியை உட்கார வைத்திருக்கிறார்கள். யாரும் பேருந்தை மறிக்கவில்லை, கம்பம் ஏறவில்லை. 1963இல் வாலஸ் கையில் இருந்தது அதுவல்ல. அதனால் யாருக்கும் சுடுவதில்லை.

ஜூன் 24

"கருத்துச் சுதந்திரம் என்று ஒன்று இருக்கிறதே?" – டாலஸ் வாசகர்.

இருக்கிறது. எதிர்வீட்டுக்காரர் தன் வாசலில் எதை வேண்டுமானாலும் பறக்கவிடலாம். நாட்டுக் கொடியைக் கொளுத்துவதே குற்றமில்லை என்று 1989இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்ட நாட்டில், ஒரு கொடியைத் தொங்கவிடுவதையா தடுக்க முடியும்? நெடுஞ்சாலை ஓரங்களில் தனியார் நிலத்தில் ராட்சசக் கம்பம் நட்டுப் பறக்கவிடுகிறார்களே, அதுவும் இந்தப் பாதுகாப்பில்தான்.

அரசாங்கம் பறக்கவிடுவது வேறு. உங்கள் ஊரிலேயே வழக்கு நடந்தது. வீரர்களின் மகன்கள் சங்கம் இந்தக் கொடி போட்ட நம்பர் பிளேட் கேட்டது, டெக்சாஸ் மறுத்தது. நம்பர் பிளேட் பேசுவது அரசின் பேச்சு, மறுக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 5–4 என்று தீர்ப்பளித்தது. ஐந்தாவது வாக்கு கிளாரன்ஸ் தாமஸ். ஜார்ஜியாவில் பிறந்த கறுப்பினத்தவர், நீதிமன்றத்தின் பழமைவாதிகளில் முதல்வர், அன்று தாராளவாதிகளோடு சேர்ந்தார். தேதி 2015 ஜூன் 18, சார்ல்ஸ்டன் கொலைக்கு மறுநாள். தீர்ப்பு எழுதும்போது யாருக்கும் அது தெரிந்திருக்க முடியாது.

தனியார் நிறுவனங்களுக்கு இந்தச் சட்டச் சிக்கலே கிடையாது. நாஸ்கார் கார்ப் பந்தயத்தில் கறுப்பின ஓட்டுநர் பப்பா வாலஸ் வாய்திறந்து கேட்டார். 2020 ஜூன் 10 அன்று மைதானங்களில் தடை வந்தது. பத்து நாள் கழித்து டாலடெகாவில் ரசிகர்கள் மைதானத்துக்கு வெளியே கொடி கட்டிய டிரக்குகளில் ஊர்வலம் விட்டார்கள். வானத்தில் ஒரு விமானம் கொடியை இழுத்துக்கொண்டு பறந்தது. வானத்துக்குத் தடை போட முடியாதே.

ஜூன் 30

மிசிசிப்பியைப் பற்றிக் கேட்டவருக்கு: 1894 முதல் மாநிலக் கொடியின் மூலையிலேயே இது இருந்தது. வேடிக்கை என்னவென்றால், 1906இல் சட்டத் தொகுப்பைத் திருத்தும்போது கொடிச் சட்டத்தைச் சேர்க்க விட்டுவிட்டார்கள். 2000இல் மாநில உச்ச நீதிமன்றம்தான் இதைச் சொன்னது. ஒரு நூற்றாண்டாகச் சட்டமே இல்லாமல் பறந்திருக்கிறது! 2001இல் வாக்கெடுப்பு, பழைய கொடிக்கே ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு வாக்கு. பத்தொன்பது ஆண்டு கழித்து ஜார்ஜ் ஃபிளாய்ட் கொலைக்குப் பிந்தைய கோடையில் கல்லூரி விளையாட்டு அமைப்புகள் மிசிசிப்பியில் போட்டி நடத்தமாட்டோம் என்றன. மிசிசிப்பி ஸ்டேட் கால்பந்து வீரர் கைலின் ஹில் கொடி மாறாவிட்டால் ஆடமாட்டேன் என்றார். சரித்திரப் பேராசிரியர்கள் காலமெல்லாம் சொல்லி நடக்காதது கால்பந்தால் நடந்தது. 2020 ஜூன் 30 அன்று ஆளுநர் கையெழுத்து. நவம்பரில் மாக்னோலியா பூப் போட்ட புதுக் கொடிக்கு 70 விழுக்காட்டுக்கு மேல் வாக்கு.

ஜூலை 4

விடுமுறை. ஊர் சுற்றும் கொடிகள்.

மேற்கு வர்ஜீனியாவில் இந்தக் கொடியை வீட்டுக்கு வீடு பார்த்திருக்கிறேன். பிரிவினையில் சேரமாட்டோம் என்று வர்ஜீனியாவிலிருந்து பிரிந்து 1863இல் யூனியனில் சேர்ந்த மாநிலம் அது. எந்தத் தாத்தாவின் பாரம்பரியம் என்று கேட்க எனக்குத் துணிச்சல் வரவில்லை. எல்லா வீட்டிலும் நாய் இருந்தது.

கெட்டிஸ்பர்க் போரில் வடக்கின் மினசோட்டா வீரன் பறித்த 28ஆம் வர்ஜீனியா படையின் கொடி இன்றும் மினசோட்டாவிடம்தான். வர்ஜீனியாக்காரர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஆளுநராக இருந்த மல்யுத்த வீரர் ஜெஸி வென்ச்சுரா, "எதற்குத் தர வேண்டும்? ஜெயித்தது நாங்கள்" என்றார். அவ்வளவுதான் பதில்.

பிரேசிலில் சாவ் பாவ்லோ மாநிலத்தில், போருக்குப் பின் கப்பலேறிப் போனவர்களின் வம்சத்தார் திருவிழா வைத்து இந்தக் கொடியின் மீது நடனமாடினார்கள். அவர்கள் போனபோது பிரேசிலில் அடிமை முறை இருந்தது. 1888 வரை இருந்தது. அயர்லாந்தின் கார்க் நகர ரசிகர்கள் வெறுமே சட்டையின் நிறத்துக்கும் ‘கலகக்கார ஊர்’ என்ற பட்டத்துக்கும் பொருந்துகிறது என்று மைதானத்தில் ஆட்டினார்கள், பிறகு தடை. சின்னத்தின் அர்த்தம் மாறும் என்ற மெம்பிஸ்காரருக்கு இவர்கள்தான் நல்ல சாட்சி. அங்கே மாறலாம். பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் அதே தெருவில் இருக்கிற தென் கரோலினாவில் அத்தனை சுலபமாக மாறாது.

ஜூலை 9

கொடி பிடித்த கறுப்பின மனிதர்களும் உண்டே என்று ஒரு படத்தைப் போட்டிருக்கிறார்கள். ஆஷ்வில்லைச் சேர்ந்த எச்.கே. எட்ஜர்டன். உண்டு, அவர் கருத்து அவருக்கு. எனக்குத் தெரிந்து இந்தக் கொடிகளை மிக நன்றாகப் பயன்படுத்திய கறுப்பினத் தெற்கத்தியர் வேறொருவர்.

ராபர்ட் ஸ்மால்ஸ். பீஃபோர்ட்டில் அடிமையாகப் பிறந்தவர். சார்ல்ஸ்டன் துறைமுகத்தில் பிளாண்டர் என்ற கான்ஃபெடரேட் நீராவிக் கப்பலில் சுக்கான் பிடித்தார். 1862 மே 13, விடிவதற்கு முன்னால், வெள்ளை அதிகாரிகள் கரையில் தூங்கப் போயிருந்த நேரம். ஸ்மால்ஸும் மற்ற அடிமை மாலுமிகளும் கப்பலைக் கிளப்பினார்கள். வேறொரு துறையில் மறைந்து நின்ற மனைவி மக்களை ஏற்றிக்கொண்டார்கள். தலைவரின் வைக்கோல் தொப்பியைப் போட்டுக்கொண்டு, அவர் நிற்கிற தோரணையில் நின்றார் ஸ்மால்ஸ். கம்பத்தில் கான்ஃபெடரேட் கொடியும் மாநிலக் கொடியும். கோட்டை கோட்டையாகத் தாண்டும்போது ஊதவேண்டிய சங்கேதத்தைச் சரியாக ஊதினார். கடைசியாக சம்டர் கோட்டை; அதுவும் வழிவிட்டது. பீரங்கி எட்டாத தூரம் போனதும் இரண்டு கொடிகளையும் இறக்கி, மனைவி ஹானா கொண்டுவந்திருந்த படுக்கை விரிப்பை ஏற்றினார். யூனியன் கப்பல் சுடத் தயாராக இருந்தது. விரிப்பைப் பார்த்து நிறுத்தியது.

பிறகு அவர் அதே கப்பலுக்குத் தலைவரானார். தன்னை அடிமையாக வைத்திருந்தவரின் வீட்டை பீஃபோர்ட்டில் விலைக்கு வாங்கினார். நாடாளுமன்ற உறுப்பினராக வாஷிங்டன் போனார். தென் கரோலினாவின் போர்ப் பாரம்பரியத்தில் இவ்வளவு விறுவிறுப்பான கதை வேறு இருந்தால் காட்டுங்கள். மேலாளருக்கு இதைச் சொன்னபோது, பள்ளியில் சொல்லித்தரவில்லை என்றார். அவர் படித்தது அறுபதுகளில். ஏன் சொல்லித்தரவில்லை என்று அவரே யோசித்துக்கொண்டு காபி எடுக்கப் போனார்.

ஜூலை 13

கேள்வி கேட்டவர், வீட்டுச் சங்கத்தில் புகார் கொடுக்கலாமா என்கிறார். சங்கம் அரசாங்கம் இல்லை. சங்க விதி இடம் கொடுத்தால் தடுக்கலாம். மத்தியச் சட்டம் சங்கங்களிடமிருந்து காப்பாற்றுவது நாட்டுக் கொடியைத்தான். உங்கள் தெருவில் சங்கமே இல்லை என்று அதே கடிதத்தின் நாலாவது வரியில் எழுதியிருக்கிறீர்களே ஐயா, பிறகு யாரிடம் புகார்?

ஜூலை 20

"2015இல் இறங்கிவிட்டது, இனி தென் கரோலினா அரசிடம் கணக்கு ஒன்றும் பாக்கியில்லை" என்று மெம்பிஸ்காரர் முடித்து வைக்கப் பார்க்கிறார்.

பாக்கி இருக்கிறது. சார்ல்ஸ்டனில் மாநில அரசின் ராணுவக் கல்லூரி சிட்டடெல். அதன் தேவாலயத்தில் 1939 முதல் கான்ஃபெடரேட் கடற்படைக் கொடி தொங்குகிறது. கொலை நடந்த அதே மாதம் கல்லூரி வாரியம் 9–3 என்று வாக்களித்து வேறிடம் மாற்ற முடிவெடுத்தது. 2000 சமரசச் சட்டம் குறுக்கே நின்றது. மாநில அரசின் எந்த நினைவுச் சின்னத்தையும் சட்டமன்றம் சொல்லாமல் நகர்த்த முடியாது. கொடி தேவாலயத்திலேயே தங்கிவிட்டது. அந்தச் சட்டத்தை எதிர்த்து நீதிமன்றம் போனவர்களில் ஒருவர் ஜெனிஃபர் பிங்க்னி, கொல்லப்பட்ட போதகரின் மனைவி. 2021 செப்டம்பரில் மாநில உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது. மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும் என்ற விதியை மட்டும் ரத்து செய்தது.

ஆக இப்போது சாதாரணப் பெரும்பான்மை போதும். தீர்மானத்தைக் கொண்டுவந்து நிறைவேற்றத்தான் ஆளில்லை.